பாறை குறுக்கிட்டதால்

அஞ்செட்டிக்கு மேலே
தார் முடிந்து இரண்டு மைல் நடந்தால் சீகலட்டி.
ஆறு குடும்பம், ஆறு வீட்டுக்கு ஆணை.
அளவு நாடா, சுண்ணாம்புப் பொடி, வரைபடம்
என் பையில்.

வரைபடத்தில் ஆறு பெட்டிகள்
பள்ளிக்கூடத்துக் காலை வணக்கம் மாதிரி
ஒரே வரிசையில், ஒரே திசை பார்த்து,
பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியாமல்.

சிக்கமாதி அதைத் தலைகீழாகப் பிடித்தாள்.
திருப்பிக் கொடுக்கக் கை நீட்டினேன்.
"இருக்கட்டும்மா, காடு இந்தப் பக்கந்தான்."
தலைகீழாகப் பிடித்திருந்தது நான்.

"முதுகைக் காட்டுக்குக் கொடுத்துட்டுப்
படுக்கச் சொல்றீங்க.
கேவுரு வாசனைக்கு வர்ற ஆனை
வாசப்பக்கமா வரும்?"
ஆறு கல் பொறுக்கினாள்.
மூன்றாம் பிறை போல வளைத்து வைத்தாள்.
எந்தக் கதவைத் திறந்தாலும்
மற்ற ஐந்து கதவும் தெரிகிற மாதிரி.
ஒருத்தி கத்தினால் ஐந்து தீப்பந்தம்.

எனக்குத் தெரிந்தது
இருநூற்று அறுபத்தொன்பது சதுர அடி,
கலவை விகிதம், ரசமட்டம்.
வீடு எங்கே பார்க்க வேண்டும் என்று
எந்தச் சுற்றறிக்கையிலாவது இருக்கிறதா என
அன்றிரவு ஒரு மணிவரை தேடினேன்.
இல்லாத விதியை மீற
யாரிடம் அனுமதி கேட்பது?
விடிந்ததும் பொடியை வளைவாகவே தூவினேன்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்.
அடிவாரத்தில் சிமெண்ட்டுக்கு ஒரு விலை.
அப்புறம் டிராக்டர் வாடகை,
டிராக்டர் நின்ற இடத்திலிருந்து கழுதை வாடகை,
கழுதை நின்ற இடத்திலிருந்து
கெம்பனின் தலை.
தலைக்கு மதிப்பீட்டில் வாடகை இல்லை.

அஸ்திவாரத்துக்கு ஒரு தவணை,
லிண்டலுக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று.
ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு புகைப்படம்,
புகைப்படம் ஏற ஒரு சிக்னல்,
சிக்னலுக்கு ஒரு குன்று.
குன்றேறி இறங்கி நாங்கள் காத்திருந்த அந்த ஆடி மாதத்தில்
ஜடையன் மூன்று ஆடுகளை விற்றான்.
வாங்கியவன் சிமெண்ட் கடைக்காரனின் மைத்துனன்.

சமையலறைச் சுவர் எழுந்தபோது
பொம்மி வந்து நின்றாள்.
"பொகை எங்க போகும்?"
ஜன்னலைக் காட்டினேன்.
"எங்க பொகைக்கு ஜன்னல் பழக்கமில்ல மேடம்."
தளி கொத்தனார் சென்னகேசவன்
ஒன்றும் பேசவில்லை.
கூரைக்குக் கீழ் கடைசி வரியில்
ஒரு செங்கல் விட்டு ஒரு செங்கல் வைத்தார்.
முதல் சோளக்களி வெந்த மாலையில்
வீடு பல் தெரியச் சிரித்துப் புகைவிட்டது.

கிருஷ்ணகிரியிலிருந்து
தணிக்கைக்காரர் வந்தார்.
வரிசை ஏன் கோணல் என்றார்.
பதிவேட்டைத் திறந்து காட்டினேன்:
'பாறை குறுக்கிட்டதால்.'
என் கையெழுத்து.
என் முதல் பொய், நீல மையில்.

"பாறை எங்கே?"

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
சிக்கமாதி கையை நீட்டினாள்.
முற்றத்தின் நடுவே,
போன வாரம் வெறும் தரையாக இருந்த இடத்தில்
இடுப்புயரக் கல்.
அடியில் இன்னும் காயாத மண்.
உருட்டி வந்த தடத்தின் மேல்
ஆடுகளை நாலைந்து தரம் ஓட்டியிருக்கிறார்கள்.
எனக்கு யாரும் சொல்லவில்லை.
நான் எழுதியதை அவர்களுக்கு யார் படித்துக் காட்டியது,
அதுவும் தெரியாது.

அவர் கல்லைச் சுற்றி வந்தார்.
ஈர மண்ணைச் செருப்பு நுனியால் ஒருமுறை கிளறினார்.
என்னைப் பார்த்தார்.
பிறகு அதன்மேலேயே உட்கார்ந்து
கையெழுத்துப் போட்டார்.

இறங்கும்போது ஓடைவரை கெம்பன் கூட வந்தான்.
தலையில் சும்மாடு இல்லாமல்
ஆள் வேறு மாதிரி இருந்தான்.
"எங்கப்பன் செத்தப்போ
குடிசையைப் பிரிச்சு அந்தாண்ட கட்டினோம்,
திரும்பி வந்தா
வழி தெரியக் கூடாதுன்னு.
இதை எப்படிம்மா நகர்த்துறது?"

தண்ணீர் முழங்கால்வரை ஓடியது.
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.
கடைசி பஸ் அஞ்சரைக்கு
என்றேன்.